மண்ணெண்ணெய் குடித்த ஒஸ்ரின்

கோப்பாயில் பழைய கார்களைத் திருத்தி விற்பவர், 1930களில் செய்த பச்சை ஒஸ்ரின் காரின் கதவைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மணத்தது.

"கொழும்பிலை நிண்ட கார், தங்கச்சி. யாழ்ப்பாணமே காணாதது."

போர்த் தடையால் பெற்றோல் வராத காலத்தில் எங்கள் ஓலைக் கொட்டிலில் நின்ற ஒஸ்ரினும் இப்படித்தான் மணத்தது. அப்பா சோடாப் போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது இருமி இருமிச் சூடானதும், ஸ்டியரிங்குக்குக் கீழே தகட்டில் துளையிட்டுப் பூட்டிய எண்ணெய்க் குழாய்த் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார், வெள்ளைப் புகை வாழைகளுக்குள் போகும், அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின் இருக்கையில் ஏறுவார். இடம்பெயர்ந்து திரும்பியபோது கொட்டிலும் இல்லை, காரும் இல்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அதே இடத்தில் ஒரு துளையை அடைத்து, மேலே பெயின்ற் பூசியிருந்தது.

"உது என்ன, அண்ணை?"

"மண்ணெண்ணெய்க்கு அடிச்ச ஓட்டை. அப்ப இஞ்சை ஓடின எல்லாக் காருக்கும் இருக்கும்தானே" என்றவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

எல்லாக் காருக்கும் இருந்தது உண்மைதான். ஒரு துளையை வைத்துக்கொண்டு இது எங்களுடையது என்று சொல்லிவிட முடியாது.

"உங்கடை வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"உரும்பிராய்" என்று பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னேன்.

அவர் தார்ப்பாயை இழுத்துக் காரை மூடத் தொடங்கினார்.