அடைப்புக்குறிக்குள் சத்தம்

என் மேசை இழுப்பறையில் ஒரு குரல் பதிவுக் கருவி கிடக்கிறது. துணி சோப்பில் பாதி அளவுதான் இருக்கும். அதன் தலையில் நீல நிறத்தில் ஒரு பஞ்சுத் தொப்பி. குளிக்கிற பஞ்சிலிருந்து என் அண்ணி கத்தரித்து, ரப்பர் பேண்டு போட்டு மாட்டியது அது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கும் கடற்காற்றுக்கும் நடுவில் யார் பேசினாலும் காற்றுதான் பதிவாகும், ஆள் பதிவாக மாட்டார்கள். அதற்காகத்தான் இந்தத் தொப்பி. இப்போது அதில் சார்ஜ் நிற்பதில்லை, ஒயரைச் சொருகினால் மட்டும் பேசும். வீடு அமைதியாக இருக்கிற நாட்களில் என் கை தானாக அந்த இழுப்பறைக்குப் போகிறது. அமைதி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, இன்று நேற்றல்ல, பழைய வியாதி.

அண்ணி ராயபுரத்தில் பிறந்தவர். தெற்கிலிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்த குடும்பம். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் அண்ணனைப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு திருவொற்றியூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். அவரைப் போல உட்காரத் தெரியாத ஆளை நான் பார்த்ததில்லை. தேநீரை நின்றபடியே குடிப்பார், புத்தகத்தை நடந்தபடியே படிப்பார். பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். கடலோரக் குடிசைகளிலிருந்து எர்ணாவூர் அடுக்குக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் பெண்களின் வேலை என்ன ஆனது என்பதுதான் தலைப்பு. என் அம்மாவுக்கு அது ‘சர்வே’. "மருமவ சர்வேக்கு போயிகீது" என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது, ஓட்டர் லிஸ்ட் எடுக்கப் போயிருப்பது போல இருக்கும்.

அம்மா அப்பளம் தேய்த்தார். காலையில் கம்பெனியில் மாவு வாங்கி வந்து, பலகையைப் போட்டு உட்கார்ந்தால், பொழுது சாயும் வரை கட்டை உருண்டுகொண்டே இருக்கும். வீடு முழுக்க கவிழ்த்த மூங்கில் கூடைகள், கூடை மேல் அப்பளம். கட்டிலில் அப்பளம், மடித்து வைத்த போர்வை மேல் அப்பளம். நாங்கள் உட்கார இடம் தேடித்தான் உட்காருவோம். அண்ணி உட்காராமலே திரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. பலகையின் ஒரு கால் தேய்ந்திருந்தது. கட்டை முன்னால் போகும்போது ஒரு ‘டொக்’, பின்னால் வரும்போது இன்னொரு ‘டொக்’. நான் அந்தச் சத்தத்தில்தான் படித்தேன், தூங்கினேன், சண்டை போட்டேன்.

கருவி வாங்கி வந்த அன்று, அது வேலை செய்கிறதா என்று பார்க்க, அண்ணி முதலில் அம்மா முன்னால்தான் நீட்டினார்.

"அத்தை, நீங்க இப்ப என்ன வேலை செய்றீங்க?"

"நானா? நான் இன்னா செய்யப் போறேன். சும்மாதான் கீறேன்."

அண்ணி அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "குரல் நல்லா விழுது. ஆனா இந்த டொக் டொக்தான் பெரிய தொல்லை" என்று முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பதிவை அழிக்காமல் விட்டது வெறும் சோம்பல்.

அந்தச் சமயம் நான் ஒரு வேலையை விட்டு இன்னொன்று கிடைக்காமல் இருந்தேன். பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்கும் பணியை அண்ணி எனக்குக் கொடுத்தார். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். கீது என்றால் கீதுதான், இருக்கிறது என்று திருத்தக் கூடாது. சிரித்தால் ‘சிரிப்பு’, இருமினால் ‘இருமல்’, வேறு எது கேட்டாலும் ‘சத்தம்’ என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். எர்ணாவூர் பதிவுகள் முழுக்கச் சத்தம்தான். எதையோ உரிக்கிற சத்தம், கிழிக்கிற சத்தம், தையல் மெஷின், என் அம்மாவின் கட்டை போலவே ஏதோ ஒன்று. பேச்சு புரியாமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எனக்குத் தலைவலி வந்தது. "ஏ பிள்ள, சத்தத்தைக் குறைக்க கம்ப்யூட்டர்ல ஏதோ வழி இருக்காமே, பாரேன்" என்பார் அண்ணி. பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது.

வேலை பற்றிய கேள்விக்கு அந்தப் பெண்கள் சொன்ன பதில் மட்டும் சத்தத்துக்கு மேலே தெளிவாகக் கேட்டது. "சும்மாதான் கீறேன்." "வூட்ல சும்மாதாம்மா." "முன்ன மீன் கூடை தூக்கினேன், இப்ப சும்மா." அண்ணி அத்தனையையும் ‘வேலை இல்லை’ என்ற தலைப்பின் கீழ் சேர்த்தார். இடமாற்றம் பெண்களின் வேலையைப் பறித்துவிட்டது என்பது அவருடைய முடிவு. கோபத்தோடும் நியாயத்தோடும் எழுதப்பட்ட அத்தியாயம். அவருடைய நெறியாளருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. தெற்கே ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிட்டத்தட்ட முடிவாகி இருந்தது. கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்த சான்று கையில் இருந்தால் வேலை அவருக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, எல்லோரும் அந்தத் தேதியைச் சுற்றித்தான் நடமாடிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பெரியம்மா போன் செய்தார், அம்மாவின் அக்கா. அம்மா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கட்டையை நிறுத்தாமல் பேசினார். அண்ணி சமையலறை மேடையில் கணினியை வைத்து, நின்றுகொண்டே கடைசி அத்தியாயத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மருமகள் என்ன செய்கிறாள் என்று பெரியம்மா கேட்டிருக்க வேண்டும்.

"மருமவளா? வூட்லதான், சும்மாதான் கீறா" என்றார் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. வருடக்கணக்காகத் தூங்காமல் உழைக்கிற பெண்ணைப் பார்த்து இப்படிச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது. அண்ணியும் சிரித்தார். பிறகு அவர் விரல்கள் நின்றன. அம்மாவின் கையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். கருவியை எடுத்து, அந்த முதல் பதிவைப் போட்டார். ‘சும்மாதான் கீறேன்’ என்றது அம்மாவின் குரல். அதற்குப் பின்னால் டொக், டொக். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் பலகையிலும் அதே டொக், டொக். அண்ணி என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு எர்ணாவூர் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில், வாழ்க்கையில் முதல் முறையாக, என் கண் முன்னால் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் அப்பளம் இருந்தது. அம்மா திட்டியது அவர் காதில் விழவில்லை.

"எல்லாம் தப்பு, பிள்ள" என்றார். "யாருமே சும்மா இல்ல."

அதன் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி என்பதே இல்லாமல் போனது. ஒரு வார்த்தைக்காக இத்தனை வருட உழைப்பைக் கலைப்பாயா என்று அண்ணன் கேட்டான். நெறியாளர் கெட்டவரல்ல. "இது அழகான முடிவும்மா. கலைக்காதீங்க. பட்டம் வாங்கினதுக்கு அப்புறம் தனிக் கட்டுரையா எழுதிக்கலாம்" என்றார். நானும் அதையேதான் சொன்னேன், இன்னும் கோபமாக. அந்தப் பெண்கள் தாங்களே சும்மா என்று சொல்லும்போது, இல்லை என்று சொல்ல நாம் யார் என்று கேட்டேன். அண்ணி சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "அவங்க சொன்னது பொய் இல்ல. நான் புரிஞ்சிக்கிட்டதுதான் பொய். தெரிஞ்சே எப்படிப் பிள்ள கையெழுத்துப் போடுவேன்?" என்றார். அடுத்த நாள் எர்ணாவூருக்கு மறுபடியும் கிளம்பினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

இந்த முறை அவர் வேலை என்ற சொல்லை எடுக்கவே இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து கை என்ன செய்தது என்று மட்டும் கேட்டார். பதில் கொட்டியது. இறால் உரித்தது, மருந்துக் கவர் ஒட்டியது, பூக் கட்டியது, அப்பளம் தேய்த்தது. குடிசையில் இருந்தபோது வெளியே போய்ச் செய்ததை விட அதிகமாகவே, நாலு சுவருக்குள் செய்துகொண்டிருந்தார்கள். மாடிப்படியில் இறாலோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம், இதையெல்லாம் ஏன் முதலில் சொல்லவில்லை என்று அண்ணி கேட்டார். கேள்வி அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"இதப் போயி வேலைன்னுவியா? வேலக்கி போறதுதான் வேல. நாங்க எங்க போறோம்? வூட்டாண்ட சும்மா குந்திகினு செய்றோம்."

அண்ணி படியிறங்கி வந்து குடிநீர்த் தொட்டி பக்கத்தில் நின்று அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வேலைக்குப் போகிறேன் என்றுதான் நாம் சொல்கிறோம். போனால்தான் வேலை. போகாதவள் சும்மா இருக்கிறாள். தமிழில் பிறந்து வளர்ந்து, தமிழ்ப் பெண்களிடம் தமிழில் கேட்டு, தமிழ்தான் எங்களுக்குப் புரியாமல் போயிருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்று திரும்பி, வழக்கமான வாடை வர, மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம்.

தேதி வந்தது, போனது. கல்லூரி வேலை அடுத்த ஆளுக்குப் போனது. சேதி வந்த அன்று அண்ணி துணி துவைத்தார். துவைத்ததையே மறுபடியும் துவைத்தார். அம்மாதான் போய்க் குழாயை நிறுத்தினார். "அப்பளம் தேக்கிறத எழுதறேன்னு உன் பொழப்ப வுட்டுட்டியேம்மே" என்று சொல்லிவிட்டு, சேலை முந்தானையால் அண்ணியின் கையைத் துடைத்தார். நான் அண்ணியோடு சில வாரங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏமாற்றம் எனக்குத்தான் அதிகமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

நீட்டிப்பு வாங்கி, திருத்தி எழுதி, ஒருவழியாக வாய்மொழித் தேர்வு நடந்தது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்பதால் அம்மாவையும் கூட்டிப் போனேன். விசேஷத்துக்குக் கட்டுகிற பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கடைசி வரிசையில், யாராவது எழுப்பி விடுவார்களோ என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி மேடையில் வழக்கம் போல நடந்துகொண்டே பேசினார். பிறகு ஒலிபெருக்கியில் ஒரு பதிவைப் போட்டார். ‘நான் இன்னா செய்யப் போறேன். சும்மாதான் கீறேன்.’ அந்தப் பேச்சைக் கேட்டு அரங்கில் லேசாகச் சிரித்தார்கள். சிலருக்கு எங்கள் பாஷை என்றாலே சிரிப்பு. "இன்னொரு தடவை போடறேன். பேச்சைக் கேக்காதீங்க, பின்னால இருக்கறதைக் கேளுங்க" என்றார் அண்ணி. டொக், டொக் என்று அந்தப் பெரிய அரங்கம் முழுக்க எங்கள் வீடு கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"நம்ம பலகடி. ஒரு காலு ஆடுது பாரு."

பட்டம் கிடைத்தது. நிரந்தர வேலை இன்று வரை கிடைக்கவில்லை. அண்ணனுக்கு மாற்றல் வந்து வெளியூர் போனார்கள். அண்ணி கௌரவ விரிவுரையாளராகக் கல்லூரி கல்லூரியாக மாறிக்கொண்டிருக்கிறார். போகும்போது கருவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. சரி என்று நினைத்துப் படுத்தால், எழுந்திருக்கும்போது இல்லை என்று தோன்றுகிறது. போனில் கேட்டால், "அதை விடு பிள்ள, அத்தை கை எப்படி இருக்கு?" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

அத்தையின் கை போய்விட்டது. மணிக்கட்டு வீங்கி, ஒரு டம்ளரைக் கூட இரண்டு கையால் பிடித்துத்தான் தூக்குகிறார். கட்டை உருண்டு வருடங்கள் ஆகின்றன. பலகை தண்ணீர் டிரம்முக்கு மூடியாகிவிட்டது. போன வாரம் ஏதோ கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் தெருவில் கணக்கெடுத்துக்கொண்டு வந்தார்கள். கையில் அலைபேசி, அதில் கேள்விகள்.

"ஆயா, நீங்க வேலை எதுனா செய்றீங்களா? இல்ல சும்மா வீட்லதானா?"

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு சும்மா கீறேன்? அப்பளம் தேய்க்கிறேன். எழுதிக்கோ."

அந்தப் பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கூடை இல்லை, மாவு இல்லை, எந்தச் சத்தமும் இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். "எழுதிக்கோம்மா" என்றேன். அவள் எழுதிக்கொண்டு போனாள். ஆராய்ச்சிக்கு அது தப்பான பதில்தான், அண்ணி அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். இழுப்பறையைத் திறந்து, ஒயரைச் சொருகி, அந்த முதல் பதிவைப் போட்டேன். இளமையான குரலில், கொஞ்சம் வெட்கத்தோடு, ‘சும்மாதான் கீறேன்’ என்றார் அம்மா. அம்மாவுக்குக் கேட்காதபடி சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். உள்ளே கட்டிலிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"ஏய், பேச்சு இருக்கட்டும். அந்தப் பலக சத்தத்த கொஞ்சம் பெருசா வையி."