ஒன்றரை மாத்திரை

ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் என் மனைவி. மாத்திரையைக் கவரில் போட்டு, எத்தனை வேளை, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது அவள் வேலை. சொன்னபடி கொடுக்காத அம்மாக்களை வரிசையில் அத்தனை பேர் முன்னாலும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயர் சரவெடி. கோபக்காரியே தவிர கெட்டவள் இல்லை. ஆட்டோ ஓட்டுகிற என்னைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறவளுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

வருஷத்துக்கு ஒருமுறை, வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கிற நம்ம தமிழ்ப் பிள்ளைகள் மூன்று வாரம் வந்து இலவச முகாம் நடத்துவார்கள். இந்த முறை வந்ததில் ஒரு பெண், நாலாம் வருஷம் படிப்பவள், நிழலைக் கண்டாலே மிரளுகிற சுபாவம். குழந்தைகளை எடை போட்டு, எடைக்குத் தக்கபடி மருந்து எழுதுவது அவள் பொறுப்பு. எடை மெஷினும் அவர்கள் கொண்டுவந்ததுதான்.

அன்று பகல் மூன்று மணிக்கு முகாம் முடிந்தது. மெஷினைப் பெட்டியில் வைக்கும் முன் அந்தப் பெண் விளையாட்டாக அதில் ஏறி நின்றாளாம். நூற்றுப் பதினெட்டு காட்டியது.

"உங்க ஊருச் சாப்பாட்டுல இவ்வளவு ஏறிட்டேனாக்கா?" என்று என் மனைவியைப் பார்த்துச் சிரித்தவள், பேயறைந்த மாதிரி நின்றுவிட்டாள். மதியம் பேட்டரி மாற்றியிருந்தார்கள். மாற்றியதும் மெஷின் கிலோவை விட்டு அவர்கள் ஊர்ப் பவுண்டுக் கணக்குக்குத் தாவியிருக்கிறது. ஒரு கிலோ என்றால் இரண்டு பவுண்டுக்கும் மேலே. ஒரு பயலும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு எடை போட்டது ஒரே ஒரு குழந்தை. இரண்டு வயசு, மலேரியாக் காய்ச்சல். பதினோரு கிலோப் பிள்ளையை இருபத்துநாலு கிலோ என்று எழுதி, முக்கால் மாத்திரைக்குப் பதில் அன்றைய வேளைக்கு ஒன்றரை மாத்திரை போயிருக்கிறது. அந்த மருந்து கூடிப்போனால் நெஞ்சுத் துடிப்பே நின்றுவிடுமாம்.

வாசலில் சவாரிக்குக் காத்திருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. என் மனைவி ஓடி வந்ததைத்தான் பார்த்தேன். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. காலில் செருப்பில்லை. பின்னால் அந்தப் பெண்.

"வண்டிய எடுங்க. தண்ணித் தொட்டித் தெரு."

"என்னாச்சு?"

"எடுங்கன்னா!"

போகிற வழியில்தான் விஷயம் வந்தது.

"சீட்டையும் பார்த்தேன், புள்ளையையும் பார்த்தேன்," என்றாள் என் மனைவி. "இத்தனூண்டு புள்ளைக்கு ஒன்றரையான்னு தோணுச்சுங்க. வெள்ளக் கோட்டு எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு கொடுத்துத் தொலைச்சேன்."

"நான் ஒரு குழந்தைய கொன்னுட்டேன்க்கா," என்றாள் அந்தப் பெண்.

"வாயக் கழுவு!"

சீட்டில் போன் நம்பர் இல்லை. தெரு பெயரும், அம்மா துணிக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள் என்பதும்தான் தெரியும். கதவு கதவாகத் தட்டினோம். எட்டாவது வீட்டில் கிடைத்தாள். குழந்தை பாயில் கண்மூடிக் கிடந்தது.

வாசலில் என் மனைவியைப் பார்த்ததும் அந்த அம்மா விறைத்துப்போய் நின்றாள்.

"மருந்து கொடுத்தியா?" இவளுக்குப் பதற்றத்திலும் அதே ஜன்னல் குரல்தான் வந்தது.

"கொடுத்துட்டேன்க்கா. நீங்க சொன்ன மாதிரியே ஒன்றரையும் நசுக்கி, துளி சிந்தாம கொடுத்துட்டேன்."

"எப்போ?"

"ஒரு மணி நேரம் இருக்கும்க்கா."

பிள்ளையை அள்ளிக்கொண்டு ஏறினார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர். ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தால், அந்தப் பெண் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்து எண்ணிக்கொண்டே வருகிறாள். தப்பித் தப்பி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

"என் புள்ளைக்கு என்ன? யாராவது சொல்லுங்களேன்!" என்று அம்மா கத்தினாள்.

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பயந்தாங்கொள்ளிப் பெண்தான் தலையைத் தூக்கிச் சொன்னாள்: "தப்பு என்னோடதும்மா. மருந்த ரெண்டு மடங்கா எழுதிட்டேன். நீங்க கொடுத்தது இவ உடம்புக்குத் தாங்காது."

"ஐயோ, நான் கொடுக்கவே இல்லையே!"

பிரேக் போட்டேன். அந்த அம்மா சேலைக்கு மேலே போட்டிருந்த கம்பெனிச் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தாள். ஒன்றரை மாத்திரை, அப்படியே இருந்தது.

"தூங்கிட்டிருந்தா, எழுப்ப மனசு வரல. கொடுக்கலன்னா அக்கா திட்டுவாங்கன்னு..."

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அந்தப் பெண் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள். காய்ச்சல் இருந்ததால் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய், முக்கால் மாத்திரையை டாக்டர் முன்னாலேயே கொடுத்தோம். பிள்ளை துப்பியது, மறுபடி கொடுத்தார்கள்.

தாய்க்கும் பிள்ளைக்கும் துணையாக அந்தப் பெண் அங்கேயே இருந்துவிட்டாள்; திரும்பும்போது என் மனைவி மட்டும் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கம்பியை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பிழைச்சிடுச்சே, இன்னும் என்ன பயம்?" என்றேன்.

"பத்தொன்பது வருஷமா எல்லாரும் கொடுத்தேன் கொடுத்தேன்னுதாங்க சொல்லியிருக்காங்க. அதுல எத்தனை பேரு எனக்குப் பயந்து சொன்னாங்களோ? எந்தப் புள்ள மருந்தில்லாமக் கெடந்துச்சோ?"

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "உங்களுக்கும் என்னைப் பார்த்தா பயமாங்க?"

"சேச்சே, எனக்கென்ன பயம்?" என்றேன், அவள் கேட்டு முடிக்கும் முன்பே.

கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை திட்டவே இல்லை.