வடிவக்காவின் இலையில் வைக்காத கருவாடு

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டிக்காக நின்றபோது பூக்காரம்மா சொன்னாள்: "ஒங்க வடிவு டீச்சர் காலையில தவறிட்டாவளாம்மா." நாவலாசிரியை செண்பகவடிவு. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். அன்று அழுதேன். பதினாறாம் நாள் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அவளை அறிந்தவர்களுக்கு அதையும் சொல்லியாக வேண்டும்.

வடிவக்கா சைவ வீட்டுப் பெண். சின்ன வயதில் ஆற்றுக்கு அக்கரையில் சிநேகிதி வீட்டில் சாளைக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். பெற்ற தகப்பனே முற்றத்தில் நிறுத்தி, சாணியைக் கரைத்து அவள் வாயில் ஊற்றினார். முதல் நாவலில் இதை அப்படியே எழுதினாள். அதோடு பிறந்த வீட்டு உறவு முறிந்தது. தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூட அவளுக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

"வாயைக் கழுவலாம்ட்டி, ருசியைக் கழுவ முடியுமா?" என்று சிரிப்பாள். இனிப்பைக் கண்டாலே முகம் சுளிப்பாள். நான் திருச்செந்தூர் போனால் கருவாடு வாங்கி வரச் சொல்வாள். கோயிலுக்குப் போய்விட்டு கருவாடா என்றால், "ஏட்டி, முருகன் கடலோரந்தான இருக்கான், அவனுக்கு இந்த மணம் தெரியாதாக்கும்?" என்பாள்.

செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைப்பது நம் வழக்கம். பதினாறாம் நாள் அவள் வீட்டுக்குப் போனால், கருவாட்டுப் பானை தெருவில் உடைந்து கிடக்கிறது. காரியம் செய்ய வந்த தம்பி வீட்டார் அடுக்களை முழுக்கச் சாணி தெளித்திருக்கிறார்கள். படத்துக்கு முன்னால் பாயசமும் சுசியமும்!

"அவளுக்குப் பிடிச்சதை வைங்க அண்ணாச்சி" என்றேன் அவள் தம்பியிடம்.

"எங்க அக்கா கடைசிவரைக்கும் சுத்த சைவம் டீச்சர். நினைவு மலருக்கு நீங்கதான் அதை எழுதித் தரணும். நாவல்ல உள்ளதெல்லாம் கற்பனைன்னும் ஒரு வரி போட்டுருங்க."

அடப்பாவி! அந்தச் சாணியும் கற்பனையா?

"உயிரோட இருக்கையில எட்டிப் பாக்கல. இப்ப அவ நாக்கைப் பிடுங்க வந்துட்டீராக்கும்?" என்று கத்திவிட்டேன். அவளைப் புகழ்ந்து பேச வந்திருந்த எழுத்தாளப் பெருமக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பந்தி போட்டதும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மலருக்கு எழுதித் தர மாட்டேன். நான் எழுதும் அஞ்சலி இதுதான். அவளிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அவள் கோபம்தான்.

நானும் சைவ வீடுதான், அவளுக்குப் பொட்டலமாக வாங்கி வந்ததோடு சரி, கருவாட்டைக் கையால் தொட்டதில்லை. நேற்று வாங்கிவந்து வறுத்தேன். பாதி கருகிவிட்டது. இலை போட்டு, வைத்துக் கும்பிட்டேன்.

பக்கத்து வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "என்ன டீச்சர், ஒங்க வீட்டுல இருந்தா இந்த நாத்தம்?"

"ஆமா," என்றேன். "எங்க அக்காவுக்குப் பிடிக்கும்."