டீச்சரம்மா வீட்டுக் கை மெஷின்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அவர்களில் ஒருவர்கூடப் பொத்தான் அறுந்த சட்டையோடு பள்ளிக்கூடம் போனதில்லை. நான் நான்காம் வகுப்போடு நின்றவள். பெயரை எழுத்துக்கூட்டி எழுதுவேன், அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். தையல் பழகிய கதையைக் கேட்டாள். அது தையல் கதை என்பதைவிடப் பொறாமைக் கதை என்றேன். பரவாயில்லை, சொல்லுங்கள் என்றாள்.

எனக்கு முதலில் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அப்பாதான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் வேலை செய்தது. கொழுந்து அள்ளும் சாக்குகள் கிழிந்தால் அவற்றைத் தைக்கும் வேலை அப்பாவுக்கு. லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து, விரல் நீளக் கோணி ஊசியில் சணலைக் கோத்து இழுப்பார். எட்டு வயதில் நானும் இழுத்தேன். "எம் மக தைச்சா யானை இழுத்தாலும் பிரியாது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். தோட்டத்தில் தைக்கத் தெரிந்த பிள்ளை நான் ஒருத்திதான் என்று இரண்டு வருஷம் நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சரம்மா வந்தார். பதுளையில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். மடிப்புக் கலையாத சேலை, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பெண் பிள்ளைகளுக்குத் தையல் என்று அறிவித்தார். கோதுமை மாப் பையை வெளுத்து வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார், ஓரம் மடித்துத் தைக்கச் சொன்னார். நான்தான் முதலில் முடித்தேன். கொண்டுபோய் நீட்டினேன்.

டீச்சரம்மா துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன பிள்ள, கைக்குட்டையா, உரச் சாக்கா? இதுக்குள்ள அரிசி போட்டாக்கூடக் கொட்டாது போலிருக்கே!"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சாக்குக்காரி என்று பெயர்.

அடுத்து என் தங்கச்சியின் துணியை எடுத்தார். அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். குளிர் காலத்தில் மூச்சிழுப்பு வந்துவிடும். பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டாள். சாக்கு ஊசியைத் தொட்டதுகூட இல்லை. டீச்சரம்மா அவள் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எறும்பு வரிசையாப் போற மாதிரி இருக்கு. யாரு கண்ணு உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

"அக்கா" என்றாள் அவள், என்னைக் காட்டி.

நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் என்னைப் பெருமைப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாள். மறுபடியும் சிரித்தார்கள். அவளை அன்றைக்கு எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

இதோடு நின்றிருந்தால் சரி. டீச்சரம்மா வீட்டில் ஒரு கை மெஷின் இருந்தது. கறுப்பு உடம்பு, தங்கப் பூ, பக்கத்தில் சுற்றுகிற சக்கரம். சனிக்கிழமை காலையில் ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு வரச் சொல்லி அதில் பழக்கப்போவதாகச் சொன்னார். யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

சனிக்கிழமை விடிந்தால் அம்மா அவளுக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னுவார், பவுடர் போடுவார், தன் கம்பளிச் சால்வையைச் சுற்றிவிடுவார். நான் விறகுக்குப் போவேன். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிப்பேன். பத்து மணிக்கு மலையேறி, கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுப்பேன். போகிற வழியில்தான் டீச்சரம்மா வீடு. வேலியோரம் நின்றால் மெஷின் சத்தம் கேட்கும். கடகடவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஓடும்போதெல்லாம் என் நெஞ்சுக்குள் யாரோ தைப்பதுபோல இருக்கும். தேத்தண்ணி ஆறிவிடும். அம்மா திட்டுவார்.

தங்கச்சி வீட்டுக்கு வந்தால் அவள் கையில் மெஷின் எண்ணெய் மணக்கும்.

"அக்கா, சக்கரத்த முன்னுக்குத்தான் சுத்தணும். பின்னுக்குச் சுத்துனா நூலு அறுந்துரும். வா, கையால காட்டுறேன்."

"ஒன் பீத்தல நீயே வச்சுக்க."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்? வேல கெடக்கு."

யேசு பிறந்த நத்தார்ப் பெருநாளுக்கு முன்னால் அம்மா பசறைக்குப் போய் ரோஜா நிறத்தில் துணி வாங்கி வந்தார். அம்மாவுக்குப் புதுச் சட்டை. அதைத் தங்கச்சி மெஷினில் தைக்க வேண்டும், நத்தார் பூசைக்கு அம்மா போட்டுக்கொண்டு போக வேண்டும். அந்தத் துணியை மடித்து அவள் கையில் கொடுக்கும்போது அம்மா சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். நான் பத்து வயதுக்குள் எத்தனை கட்டு விறகு சுமந்தேன், ஒரு கட்டுக்கும் அப்படிச் சிரித்ததில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சரம்மாவிடம் போனேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், தங்கச்சிக்கு இருமுனா ரத்தம் வருதுங்க."

இழுப்பு உண்மை. இருமலும் உண்மை. ரத்தம் நான் சேர்த்தது. டீச்சரம்மா குழந்தையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஓரடி பின்னால் போனார். அப்போதே தெரிந்துவிட்டது, என் வார்த்தை வேலை செய்துவிட்டது.

சனிக்கிழமை தங்கச்சி போன வேகத்தில் திரும்பி வந்தாள். பாதி தைத்த சட்டையைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். அழுததில் இழுப்பும் வந்துவிட்டது.

"மிச்சத்த நான் கையால தைச்சுத் தர்றேம்மா" என்றேன்.

"வை அத. அவளே முடிக்கட்டும்" என்றார் அம்மா.

இரண்டே நாளில் ரத்தக் கதை லயம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி தன் பிள்ளைகளை எங்கள் வாசலுக்கு வரவிடவில்லை. பீலியில் தங்கச்சி தண்ணீர் குடித்த டம்ளரை ஒருத்தி காலால் தள்ளிவிட்டாள். நான் நினைத்தது மெஷினை மட்டும்தான். டம்ளரை நினைக்கவில்லை.

அம்மா ஒரு நாள் பெயரை, அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவளைத் தூக்க வேண்டி வந்தால் ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துப்போனார். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம், எனக்கு அம்மாவின் பையும் குடையும். பதுளையில் அவளுக்கு இஞ்சி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். அவள் பாதியை உடைத்து எனக்குத் தந்தாள். தின்றேன்.

நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டொக்டர் சிங்களத்தில் சொன்னதை அங்கே வேலை செய்த பெண் ஒருவர் தமிழில் சொன்னார். "நெஞ்சு சுத்தமா இருக்காம். ரத்த நோயெல்லாம் இல்லையாம், வெறும் இழுப்புத்தான். ஆனா பெரிய மனுசியானாலும் இந்தப் புள்ளைய மலைக்கு மட்டும் அனுப்பாதீங்கன்னு சொல்றாரு. பனியும் ஏத்தமும் தாங்காதாம்."

என்னை யாரும் அப்படிச் சொல்லவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். அவளுக்கு மலையும் இல்லை, விறகும் இல்லை. ஒரு டொக்டரே சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டார். "ரத்தம்னு டீச்சரம்மாகிட்ட யாரு சொன்னது?"

"யாரும் சொல்லிருக்க மாட்டாங்கம்மா. அவங்களே நெனச்சிருப்பாங்க" என்றாள் தங்கச்சி.

நான் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து நேரே டீச்சரம்மா வீட்டுக்கு இழுத்துப்போனார். தங்கச்சி பின்னாலேயே வந்தாள். "சொல்லு" என்றார். ஒரு வார்த்தைதான்.

"ரத்தம் வரலங்க டீச்சர். நாந்தான் பொய் சொன்னேன்."

"ஏன் பிள்ள?"

"எனக்கும் மெஷின் சுத்தணும்."

டீச்சரம்மா தங்கச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விசாரிக்காமல் நம்பிவிட்டோமே என்று அவருக்கும் வெட்கமாக இருந்திருக்கும். பிறகு, "சரி, போகட்டும். இனி ரெண்டு பேரும் வாங்க. மாத்தி மாத்திச் சுத்தலாம்" என்றார்.

வாசலிலிருந்து பார்த்தால் மெஷின் தெரிந்தது. பொய் சொல்லியும் கிடைத்துவிட்டதே என்று நான் ஒரு காலைப் படியில் வைத்தேன்.

"இவ வேணாங்க டீச்சரம்மா" என்றார் அம்மா. "சனிக்கெழமையில எனக்கு இவ இல்லாம முடியாது. சின்னவள மட்டும் சேத்துக்கங்க. இவளுக்கு மலை இருக்குங்க. அவளுக்கு என்ன இருக்கு?"

நான் காலை எடுத்துக்கொண்டேன்.

நத்தாருக்கு அம்மா ரோஜாச் சட்டை போட்டுக்கொண்டார். கைப்பக்கம் கொஞ்சம் இறுக்கம். யார் கண்ணிலும் படவில்லை, எனக்கு மட்டும் தெரிந்தது. அந்த மெஷினை நான் ஒரு நாளும் தொடவில்லை. தங்கச்சி எத்தனையோ தடவை கூப்பிட்டாள், போகவில்லை. பதினாலு வயதில் கொழுந்துக் கூடை மாட்டினேன். அவள் பண்டாரவளையில் கடை வைத்து, நாலு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து, இன்றைக்கும் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து தைக்கிறாள். எனக்குச் சட்டை தைத்து அனுப்பினால் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்காமல் நான் போடுவதில்லை. இதுவரை ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

பொய்க்குத் தண்டனையாகத்தான் அம்மா என்னை வேண்டாம் என்றார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பொய் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் சனிக்கிழமை கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். கிடைத்திருக்காது. தங்கச்சியால் மலையேறிப் பிழைக்க முடியாது என்று டொக்டர் சொல்வதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரியும். நான் எப்படியும் பிழைத்துக்கொள்வேன் என்று நம்பினார். அவளை நினைத்துப் பயந்தார். பத்து வயதில் எனக்குப் பவுடரும் சால்வையும் தெரிந்தன, பயம் தெரியவில்லை. எனக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். நாலாவது பிள்ளை நோஞ்சான். சோறு போடும்போது அவன் தட்டில் மட்டும் என் கை தானாக ஒரு கரண்டி கூடப் போடும். மூத்தவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த தட்டுக்குப் போய்விடுவேன்.

அவ்வளவுதான் கண்ணு. எங்கே, முதலிலிருந்து வாசி. ரத்தம் என்று நான் சொன்ன பொய்யை, பாட்டி பாவம் என்று விட்டுவிட்டு எழுதியிருந்தால் இப்போதே சேர்த்துவிடு. உன் சின்னப் பாட்டிக்கும் இதைப் படித்துக் காட்ட வேண்டும்.