நம்மது இல்ல

போன மாதம் என் மகளின் கல்லூரி விழா வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மேடையில் அவள் ஒரு அம்மாவாக நடித்திருந்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, கையால் கழுத்தைத் தடவிக்கொண்டு, "எங்கன இருக்க? சாப்டியா? பக்கத்துல யாரு? அவட்ட குடு போன" என்று மூச்சுவிடாமல் கேட்டாள். அரங்கமே சிரித்தது. "அக்கா, இது நீயேதான்" என்று என் தம்பி எழுதினான். நானும் சிரிக்கும் எமோஜி ஒன்றை அனுப்பிவைத்தேன். ஆனால் கழுத்தைத் தடவுவேன் என்பது அதுவரை எனக்கே தெரியாது. பூட்டிய பெட்டியை யாரோ திறந்து பார்த்துவிட்டது போன்ற அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை. இருந்தும் அவளைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. ஐந்தாம் வகுப்பில் நான் செய்த காரியம் இதைவிடப் பெரிது.

தொண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. அய்யாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். மாமா வல்லத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆளும் கிடைக்கவில்லை, ஒரு பலகைத் துண்டும் கரை ஒதுங்கவில்லை. அதனால் அத்தை பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அழிக்கச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு என்ஜின் சத்தம் அத்துபடி. அடுப்படியில் இருந்தபடியே இன்னார் வல்லம் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். காலையில் வல்லங்கள் கரை திரும்பும் நேரம், எங்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கும் அத்தை சட்டென்று நிற்பாள். இடது உள்ளங்கை எங்களை நோக்கி உயரும். தலை கொஞ்சம் சாயும். நாங்கள் மெல்லுவதைக்கூட நிறுத்திவிடுவோம். பிறகு கை இறங்கும். "நம்மது இல்ல" என்பாள். அகப்பை மறுபடி பானைக்குள் போகும்.

எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. சில நாள் சத்தம் ஓய்வதற்கு முன்பே கை இறங்கிவிடும். சில நாள் ஓய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். முதலில் விரல் மடிகிறதா, தோள் தளர்கிறதா? சினிமாவில் எல்லோரும் ஒரே மாதிரி அழுதார்கள். அத்தை அழாமலே என்னவோ செய்தாள். அது என்ன என்று கண்டுபிடிக்க, கஞ்சியை அளைந்தபடி தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடப் பள்ளி ஆண்டு விழாவுக்கு, பரமக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த டீச்சர் ஒரு நாடகம் எழுதினார். புயலில் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் மீனவப் பெண். கடைசியில் அவன் திரும்பி வந்துவிடுவான். அந்தப் பெண் நான். ஒத்திகையில் அழச் சொன்னார். அழுகை வரவில்லை. கையைத் தூக்கி, "நம்மது இல்ல" என்றேன்.

"இத எங்கடி கத்துக்கிட்ட?"

"சும்மா வந்துச்சு டீச்சர்."

அவருக்குப் பிடித்துப்போய், மூன்று இடத்தில் செய்யச் சொன்னார். மூன்றாவது முறை மட்டும் "நம்மதுதான்!" என்று கத்த வேண்டும். உடனே ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மையால் வரைந்த மீசையும் துடுப்புமாக உள்ளே வருவான்.

இரண்டு வருடமாக ஒரு விசேஷத்துக்கும் போகாத அத்தை, "எம் மருமக நாடகத்துக்கு நா போகாம யாரு போறது?" என்று தானாகவே கிளம்பினாள். அம்மாவுக்குச் சந்தோஷம். தன் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்தாள்.

வெயில் சாய்வதற்குள் நாடகம் தொடங்கியது. முதல் முறை நான் கையைத் தூக்கியதும் பெண்கள் பக்கம் அடங்கிப்போனது. நடிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது முறை, "ஆத்தி, அவ அத்தைய அப்பிடியே உரிச்சு வச்சிருக்காடி!" என்று ஒருத்தி சொன்னது மேடைவரை கேட்டது. சிரிப்பு கிளம்பியது. பின்னால் நின்ற இளவட்டங்கள் ஆளுக்கொரு கையைத் தூக்கி, "நம்மது இல்ல, நம்மது இல்ல" என்றார்கள். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அத்தை எழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "நம்மதுதான்!" என்று கத்தினேன். மீசை வந்தது. அப்படி ஒரு கைதட்டலை அதற்குப் பிறகு வாழ்க்கையில் நான் வாங்கியதில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா என் தோளைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். "ஒனக்கு நடிச்சுக்காட்ட வேற ஆளே கெடைக்கலையாடி, வெக்கங்கெட்டவளே?" நன்றாக நடித்ததற்கு எதற்கு இந்தக் கிள்ளு என்று எனக்கு விளங்கவில்லை.

"விடுங்க மதினி. பிள்ளையக் கொன்னுராதிய" என்று அத்தை என்னை இழுத்துக்கொண்டாள். "இங்கன வா" என்று அடுப்படிக்குக் கூட்டிப்போய், தேங்காய் எண்ணெய் தொட்டு முகப்பூச்சைத் துடைத்தாள்.

"நா இப்பிடித்தான் கையத் தூக்குறேனா?"

"ஆமத்தே. எடது கை."

"எத்தன நாளா பாத்த?"

"தெனமும்."

துணி என் கன்னத்தில் அப்படியே நின்றது. குரலைத் தாழ்த்தி, "கடைசியில ஒண்ணு சொன்னியே, அதச் சொல்லு" என்றாள்.

"நம்மதுதான்!"

அத்தையின் தலை சாய்ந்தது.

"இன்னொருக்கா."

சொன்னேன்.

"இன்னொருக்கா."

எங்கேயோ பிசகுகிறது, அத்தை என்னைத் திருத்துகிறாள் என்று நினைத்தேன். அதனால் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே நெஞ்சில் கைவைத்து, தெருவுக்கே கேட்கும்படி, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.