பாலோ ஸ்டேஷன் வாசலில் இரண்டு கடைகள்

ஜொகூர் பாருவில் இன்று ஒரு கடை முன் வரிசையில் நிற்கையில் ரோஸ் சிரப் வாசம் வந்தது. உடனே பழைய பாலோ ரயில் நிலையமும் என் பழைய பொறாமையும் சேர்ந்தே திரும்பிவிட்டன.

புதுத் தண்டவாளத்துக்காக இடிக்கப்பட்ட அந்த நிலையத்தின் வாசலில், காரமான மசால் வடை சுட்ட எங்கள் கடையும், சீவிய ஐஸில் ரோஸ் சிரப் ஊற்றி ஐஸ் கச்சாங் விற்ற கமலா அக்கா கடையும் அடுத்தடுத்து இருந்தன. அக்கா மகள் தேவி ஐஸ் சீவும் மெஷினின் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற ஐஸ் கரகரவென்று பூவாய் உதிரும். சில்லிட்ட கையை அவள் என் கன்னத்தில் வைக்கும்போதெல்லாம், வெங்காயம் நாறும் என் கையை ஒளித்துக்கொண்டு வயிறெரிவேன்.

எங்களுக்கும் மெஷின் வேண்டுமென்று தினமும் அழுதேன்.

"நம்ம வடைக்கு ஆளு வராமயா இருக்கு?" என்றார் அம்மா.

அப்பாவின் கண்ணும் அக்கா கடைக் கூட்டத்தின்மேல்தான் இருந்தது. அம்மாவின் சங்கிலியை விற்று, அவர்களுடையதைவிடப் பெரிய மெஷின் வாங்கினார். வடைச் சட்டியைக் கவிழ்த்து வைத்தோம்.

எங்கள் காரம்தான் அவர்கள் ஐஸுக்கு ஆள் அனுப்பியது என்பது அதன்பிறகுதான் தெரிந்தது. இரண்டு கடையும் ஈயடித்தன. நாங்கள் புது மெஷினையே துடைத்துக்கொண்டிருக்க, கமலா அக்கா அடுத்த வாரமே வடைக்குக் கடலைப்பருப்பு ஊறப்போட்டார்.

இன்று வரிசை நகர்ந்து கல்லாவை அடைந்தேன். உள்ளே தேவி. ஒரு வடையை நீட்டினாள்.

"சாப்பிட்டுப் பாரு லா, ஒங்கம்மா பக்குவம்தான்."

அதே பக்குவம்தான். கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லி, ஓர் ஐஸ் கச்சாங்கும் கேட்டேன்.