கல்மண்டபத்தில் வராத வாடை

இன்று காலை பாரிமுனை போகும் பேருந்தில் எனக்கு முன்னால் துறைமுகத் தொழிலாளர் இருவர். நேற்றைய டிவி தொடரைப் பற்றிப் பேச்சு. தலைக்கவசம் மாட்டியவன், கணினி காட்டும் பொய்யுலகில் சிக்கிக்கொள்ளும் கதை.

"கடைசி வரிக்கும் அவன் வெளிய வந்தானான்னே காட்டல. எனக்கு தூக்கமே வர்ல மாமு. நாம வெளியதான் கீறோமா?" என்றார் ஒருவர்.

"பேஜார் பண்ணாத நைனா. அந்த மெஷின்ல வாசன வராதுல்ல? கல்மண்டபம் ஸ்டாப்புல மீன் கவுச்சி அடிக்கும். அப்போ நம்பு," என்றார் மற்றவர்.

கல்மண்டபத்தில் மீன் நிறைந்த கூடையோடு ஏறிய அம்மா, எங்கள் பக்கத்திலேயே கூடையை வைத்தார்.

இருவரும் மூச்சை இழுத்தார்கள். நானும் இழுத்தேன்.

வாடையே இல்லை.

பாரிமுனை வரை இருவரும் கூடைப் பக்கம் குனிந்து குனிந்து முகர்ந்து பார்த்தார்கள்.

வேதியியல் ஆய்வகத்தில் ரசாயன உப்புகளை முகர்ந்தே பெயர் சொல்லிப் பழகியவன் நான். சளியும் இல்லை. இன்று அந்தப் பக்கம் போனவர்கள் சொல்லுங்கள், உங்களுக்காவது வாடை வந்ததா?